பார்வைக்குப் போன ஐந்து நாவல்கள்

அத்தியாயம் 14

பல் வலிக்கும் பட்டுச்சேலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு, "பல் டாக்டரைப் பாத்துட்டு வாரேன் அத்தை" என்று மாமியாரிடம் சொன்னாள் சித்ரலேகா.

மாமியார் சேலையைப் பார்த்தார். மருமகளின் பல்லைப் பார்த்தார். "பைய போயிட்டு வா" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மாமியார்.

ஜவுளிக்கடை வீட்டில் பிறந்தும் கடையில் ஒரு நாளும் வியாபாரத்துக்கு நின்றிராத பெண் சித்ரலேகா. டவுண் வடக்கு ரத வீதியில் அவளுடைய அப்பா ஐயம்பெருமாளின் கடைக்குப் போன மாதம் போய், "பிள்ளைய ரெண்டும் வெளியூருக்குப் படிக்கப் போயாச்சு. எனக்கும் இங்கன ஒரு இடம் குடுங்கப்பா" என்று அவள் கேட்டதும், "பொம்பளப் பிள்ளை கடையில நிக்க, நம்ம வீட்டுல இப்ப என்ன கேடு வந்துட்டு?" என்று அவர் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாமல் முடித்ததும், அண்ணன் சிவகணேஷ் தலை நிமிராமல் சேலை மடித்துக்கொண்டிருந்ததும் உங்களுக்குத் தெரியும்.

நாற்பத்துமூன்று வயதில் ஒருத்திக்கு ஒரு கல்லாப் பக்கம் நிற்க ஆசை. அவ்வளவுதான் சங்கதி. அப்பா கடையில் இல்லையென்றால் வேறு கடை. பாளையங்கோட்டையில் பேச்சிராஜ் நடத்தும் புத்தகக் கடையின் கண்ணாடியில், ‘நாவல்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்த விற்பனையாளர் தேவை’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கணவன் கணேஷ்ராமுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "பட்டுச்சேலை எதுக்கு? புத்தகக் கடைக்குத்தானே போற?" என்று அவன் கேட்டான். "கடைக்குத்தானே போறேன்" என்றாள் அவள்.

பேச்சிராஜுக்கு முப்பத்தைந்து வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்டவன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பார்கோடு போட்ட சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. கெட்டிக்காரன். மனிதர்களுக்குத்தான் இன்னும் சீட்டு ஒட்டத் தெரியவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் நில்லுங்க மேடம். ஒத்து வந்தா நாளையிலருந்து வேலை" என்றான். பிறகு, புது நாவல்கள் இருந்த அலமாரியைக் காட்டினான். மூன்று வருடத்துக்குள் வந்தவை, நாற்பது. "இது எல்லாம் படிச்சிருக்கீங்களா? படிக்காததப் படிச்ச மாதிரி பேசுறவங்க மட்டும் எனக்கு வேண்டாம். போன மாசம் ஒருத்தர அதுக்காகத்தான் அனுப்பினேன்."

"படிச்சாச்சு" என்றாள் சித்ரலேகா.

முப்பத்தொன்பது படித்திருந்தாள். நாற்பதாவது, ‘ஏழாம் பருவக்காற்று’ என்கிற தடித்த சரித்திர நாவல். அதைப் பாதிதான் படித்திருந்தாள். அதுவும் எங்கே? இதே கடையில், நான்கு சனிக்கிழமைகளில், அலமாரிக்கு இந்தப் பக்கம் ஓசியில் நின்றபடி.

ஒன்றே ஒன்றுதானே, அதையும் இன்றைக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கால அவகாசம் வாங்குகிறார்கள்.

லாரி ஆபீசில் வந்து கிடக்கும் புத்தகக் கட்டை எடுத்துவரப் பேச்சிராஜ் கிளம்பினான். அவன் போய்ப் பத்து நிமிடத்தில் முதல் ஆள் வந்தார்.

எழுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளி மோதிரத்தில் பட்டாணி அளவு சிவப்புக் கல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த ஒன்றிலேயே சித்ரலேகா அவரை எடை போட்டுவிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன புத்தகம் பாக்குதிய?"

"அது தெரிஞ்சா உங்கள்ட்ட ஏன்மா கேக்கேன்? மவளுக்கு வேணும்."

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். அதற்குள் முழுக் கதையும் வந்துவிட்டது. ஊர் காயல்பட்டினம். மருமகன் துபாயில். மகளுக்கு எட்டாம் மாதம், ரத்தக்கொதிப்பு. படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும் என்று இங்கேயே ஒரு வீடு எடுத்து வைத்திருக்கிறார்.

"போனப் பாத்தா தலை வலிக்குதுன்னு அதையும் புடுங்கியாச்சு. நாளெல்லாம் சுவரப் பாத்துட்டுக் கெடக்கா. போன வாரம் ஒரு புத்தகம் வாங்கிட்டுப் போனேன். ஏற்கெனவே படிச்சதாம். அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு. அது ஒரே அழுகையாம். வந்து பாத்து எடுக்க அவளால முடியாது. பாத்து எடுக்க எனக்குத் தெரியாது."

சித்ரலேகா அலமாரிப் பக்கம் போனாள்.

"இது ‘பாதி இருக்கை’. சிரிப்பும் காதலும். மெட்ராஸ் போற ரயில்ல ஒரே ஸீட்டு, ரெண்டு பேருக்கும் பாதி பாதி குடுத்துட்டான். அவனுக்கும் ஜன்னல் வேணும், அவளுக்கும் ஜன்னல் வேணும். செங்கல்பட்டு வரதுக்குள்ள காதல்."

"ஒரு ராத்திரியிலயா? எங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

"இது துப்பறியுற கதை. ‘பூட்டிய லாட்ஜில் ஒரு குடை’. குத்தாலத்துல சீசன் நேரம், வெளிய கொட்டுது. உள்தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குள்ள ஒருத்தன் தொப்பலா நனைஞ்சு செத்துக் கெடக்கான். பக்கத்துல ஒரு குடை. அது மட்டும் காஞ்சு கெடக்கு."

"யாரு கொன்னது?"

"அதச் சொல்லிட்டா நான் எப்படி அண்ணாச்சி விக்கது?"

பெரியவர் சிரித்தார்.

மூன்றாவது, வருங்காலக் கதை. ‘மழையை வாடகைக்கு விட்டவர்கள்’. அறுபது வருடம் கழித்து ஒரு கம்பெனி மேகங்களையெல்லாம் குத்தகைக்கு எடுத்துவிடுகிறது. சேரன்மகாதேவியில் ஒருத்தன் நாற்று நட வேண்டுமென்றால் அதற்கு மனுப்போட்டு நிற்க வேண்டும். நான்காவதை எடுத்தவள், அப்படியே திரும்ப வைக்கப் போனாள்.

"அது என்னது?"

"ஆளில்லாத எஸ்டேட்டுல தினம் வேலைக்கு மணி அடிக்குது. பேய்க்கதை. வயித்துப் பிள்ளைக்காரிக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"எம் மவளுக்கா? சின்னதுல அவ சொன்ன ஜின்னு கதையக் கேட்டு எதுத்த வீட்டுப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்திருக்கு. அதையும் வைங்க."

நான்கோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த விடாதது அந்த ஊர்ப் பெயர். ‘ஏழாம் பருவக்காற்று’ காயல் துறைமுகத்துக் கதை. அரபுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய காலம். குதிரை வாங்கப் போய்த் திரும்பாத கணவனைத் தேடி, முத்து வியாபாரி மகள் ஒருத்தி கப்பல் ஏறுகிறாள். காயல்காரருக்கு அந்தப் புத்தகத்தைக் காட்டாமல் விட்டால் அவள் ஐயம்பெருமாள் மகளே இல்லை.

"உங்க ஊர்க் கதை" என்று மேலே வைத்தாள்.

பெரியவர் ஐந்தையும் பார்த்தார். எடுத்தார், வைத்தார். "இதுல எதுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

அப்போதுதான் சித்ரலேகாவின் வாய் அவளைக் கேட்காமல் பேசியது.

"அஞ்சையும் கொண்டு போங்க. அவங்க பாத்து எடுத்துக்கிடட்டும். வேண்டாததச் சாயந்திரம் கொண்டு வந்து குடுங்க."

ஜவுளிக்கடையில் இது சாதாரணம். கடைக்கு வர முடியாத வீட்டுப் பெண்களுக்குப் பத்துச் சேலையைக் கட்டிப் பார்வைக்குக் கொடுத்தனுப்புவார்கள். இரண்டை எடுத்துக்கொண்டு எட்டைத் திருப்பி அனுப்புவார்கள். யார், எந்த வீடு என்று நல்ல வாடிக்கையாளரைக் கடைக்காரர் கேட்க மாட்டார். கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். பத்துச் சேலையை விட அந்த முகக்கோணல் நஷ்டம்.

பெரியவருக்கும் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "நாப்பது வருசம் கல் வியாபாரம் பாத்தவன் நான். மாணிக்கத்தக் காயிதத்துல மடிச்சு இப்படித்தான் பார்வைக்குக் குடுப்போம்" என்றார். "பொழுதடைஞ்சு மஃரிப் தொழுகைக்கு முன்னால வந்துருதேன், இன்ஷா அல்லாஹ்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பெயர் இல்லை, நம்பர் இல்லை, தெரு இல்லை.

மதியம் வந்த பேச்சிராஜ், கம்ப்யூட்டரைப் பார்த்தான். அலமாரியைப் பார்த்தான். காலையில் நடந்த நல்ல வியாபாரமெல்லாம் அதில் இருந்தது. கூடங்குளத்தில் வேலை பார்க்கும் ஒருவர், "விஞ்ஞானம் மட்டும் வேண்டாம்மா, அதத்தான் நாளெல்லாம் கட்டி அழுவுதேன்" என்று சொல்லி ரயில் காதலில் இன்னொரு பிரதியை வாங்கிப் போயிருந்தார். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து பேய்க்கதை ஒன்று வாங்கியிருந்தார்கள்; யார் முதலில் படிப்பது என்று வாசலிலேயே சண்டை.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா அஞ்சு புத்தகம் குறையுதே மேடம்?"

சொன்னாள்.

"வீட்டுக்கா? அட்ரஸ்?"

"கேக்கல."

"போன் நம்பர்?"

"கேக்கல."

"பேராவது?"

அதையும் அவள் கேட்டிருக்கவில்லை. பேச்சிராஜ் உட்கார்ந்துவிட்டான். பெங்களூர்த் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

"என்ன காரியம் செஞ்சிருக்கிய! சேலைன்னா உடுத்தாம திருப்பித் தரலாம். நாவலப் பார்வைக்குக் குடுத்தா படிச்சுட்டுல்லா திருப்பித் தருவாவ? படிச்ச புத்தகத்த நான் யாருக்கு விக்க?"

இது சித்ரலேகாவுக்குத் தோன்றவே இல்லை. உண்மையாகவே இல்லை. அவள் தலைக்குள் ஐந்து நாவலும் ஐந்து சேலையாகவே மடிந்து கிடந்தன.

"வந்துருவாங்க. செருப்பக் கழத்திட்டு உள்ள வந்த மனுசன்" என்றாள்.

"செருப்பக் கம்ப்யூட்டர்ல எப்படி ஏத்த?" என்றான் பேச்சிராஜ். கோபம் இல்லை; களைப்பு. "வரட்டும், பாப்போம். வராட்டா உங்கள்ட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா இந்த வேலை நமக்குள்ள ஒத்து வராதோன்னு தோணுது மேடம்."

மூன்றரை மணிக்குப் பிரம்மநாயகி அத்தை ராசிபலன் புத்தகம் கேட்டு வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. சித்ரலேகாவைப் பார்த்ததும், "நீ எங்கட்டி இங்கன?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் ராசிபலனையும் வாங்காமல் வெளியே போய், வாசலில் நின்றே போனில் பேசினார். கண்ணாடிக் கதவு. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நாலே காலுக்கு ஐயம்பெருமாள் வந்து இறங்கினார்.

கடைக்குள் குரல் உயர்த்துவது வியாபாரிக்கு ஆகாது என்று இருக்கிறவர் அவர். அது யார் கடையாக இருந்தாலும் சரி. சத்தம் போடவில்லை. சுற்றிலும் பார்த்தார். விளக்கு, விசிறி, அலமாரி, தரை. பிறகு, காலையில் காயல்காரர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மகளை நேராகப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் பேசுகிற மாதிரி சொன்னார்.

"புத்தகம் காட்டுங்கம்மா."

பேச்சிராஜுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பில் போட்டுக்கொண்டிருந்தான். சித்ரலேகா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன மாதிரி பாக்குதிய?"

தன்னைப் பெற்றவரை அண்ணாச்சி என்று கூப்பிட அன்றைக்குத்தான் நேரம் வந்தது. ஐயம்பெருமாளின் மீசை லேசாக அசைந்தது.

"நான் பேப்பர் தவிர ஒண்ணும் படிக்கிறதில்ல. படிக்க வைக்க முடியுமா?"

மேகத்தைக் குத்தகை எடுத்த கதையில் மிச்சமிருந்த பிரதியைக் காட்டினாள். "ஆவுற கதையச் சொல்லுங்க" என்று தள்ளினார். எஸ்டேட் பேயைக் காட்டினாள். "மனுசனப் பாத்தே பயந்தாச்சு." மூன்றாவதாக, கையில் கொடுக்காமல், குற்றாலத்து லாட்ஜுக் கதையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, காய்ந்த குடையைப் பற்றி மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா இது உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல" என்று உள்ளே வைக்கப் போனாள்.

"இங்க குடு" என்று கை நீட்டியவர், நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

"விக்கதுக்கு மொதல்லயே இதத்தான் எடுத்து வச்சிருக்க. முன்ன ரெண்டையும் தள்ளதுக்குன்னே காட்டியிருக்க. இந்த வித்தைய உனக்கு நான் எப்பம் சொல்லிக் குடுத்தேன்?"

"எனக்குச் சொல்லிக் குடுக்கல. அண்ணனுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

பேச்சிராஜ் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஐயம்பெருமாள் புத்தகத்தை வாங்கி, பின் அட்டையைப் படிப்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"கதவுக்குப் பின்னால" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாம போச்சு."

அதற்குப் பிறகு அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? யாரென்று தெரிந்ததும் பேச்சிராஜ் எழுந்து வணக்கம் சொன்னான். ஐந்து நாவல் போன கதையையும், வாங்கிப் போனவர் வாசலில் செருப்பைக் கழற்றியதையும் சொன்னான். குறை சொல்லவில்லை. ஆனால் சொன்னான்.

"அஞ்சுக்கும் நான் குடுத்துருதேன் தம்பி, பில்லப் போடுங்க" என்றார் ஐயம்பெருமாள்.

"வேண்டாம்ப்பா. அவங்க வருவாங்க."

"வரலன்னா?"

"வரலன்னா நான் ஆளப் பாக்கத் தெரியாதவள்னு அர்த்தம். அதுக்கு நீங்க எப்படித் துட்டு கட்ட முடியும்?"

அவர் மகளை இன்னொரு தடவை பார்த்தார். சேலை வாங்க வந்தவர்களை அப்படித்தான் பார்ப்பார். பிறகு, அவள் இருபது வருடமாகக் காதுபடக் கேட்க ஏங்கியதைச் சொன்னார், கடைத்தெருவில் காய் வாங்கச் சொல்வது போல.

"நாளைக்குக் காலையில நம்ம கடைக்கு வா. பட்டுப் பக்கம் நீ நில்லு. சிவகணேஷ்ட்ட நான் சொல்லுதேன்."

சித்ரலேகா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்த்த சுவரில் கடிகாரம் ஐந்து பத்து காட்டியது.

ஐந்தரை. ஆறு. ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தார். குடைக் கதையில் பத்துப் பக்கம் படித்திருப்பார். ஆறே காலுக்குப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலில் யாருடைய செருப்பும் இல்லை.

ஆறரைக்குப் பேச்சிராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ‘காணவில்லை’ என்று ஐந்து வரி ஏற்ற வேண்டும். அதை அவன் மெதுவாகவே செய்தான்.

கடை செல்போன் அடித்தது. சித்ரலேகாதான் எடுத்தாள். இரைச்சல் தாங்காமல் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"புத்தகக் கடைதானே? பையில இந்த நம்பர்தான் இருக்கு. காலையில எங்க வாப்பாட்ட அஞ்சு புத்தகம் குடுத்த லாத்தா நீங்கதானா?" இளம்பெண் குரல்; காயல் பக்கம் அக்காவுக்கு லாத்தா. மூச்சு வாங்கியது. "நான் ஆபிதா பீவி. வாப்பாவால வர முடியல, மன்னிச்சுக்கிடுங்க. நாலு மணி வாக்குல எனக்குத் தலைவலி கூடி, கண்ணு மங்கிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டாங்க. இன்னைக்கே ஆபரேசன் பண்ணிப் பிள்ளைய எடுக்கணுமாம். வாப்பா கையெழுத்துப் போடப் போயிருக்காங்க. அவங்க போன்லதான் பேசுதேன்."

"புத்தகம் கெடக்கட்டும்மா. நீங்க எப்படி இருக்கிய?"

"நாலு புத்தகம் வீட்டுல பத்திரமா இருக்கு, பிரிக்கக்கூட இல்ல. எங்க ஊர்க் கதைய மட்டும் விட முடியல. காலையிலருந்து அதுதான். கையில வச்சிட்டே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நர்ஸம்மா இப்பம் வாங்கி வச்சிட்டாங்க." குரல் தணிந்தது. "லாத்தா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கப்பல் ஏறிப் போனாளே, அவ ஊருக்குத் திரும்பி வருவாளா, மாட்டாளா? உள்ள போறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்கும்."

பேச்சிராஜின் கை தட்டச்சுப் பலகை மேல் நின்றது. ஐயம்பெருமாள் புத்தகத்தை மூடினார்.

வருவாள் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். இந்த நேரத்தில் அதைப் பொய் என்று எந்தச் சாமி கணக்கெழுதும்? பேச்சிராஜும் நம்புவான். நாளைக்கு வேலையும் இருக்கும்.

ஆனால் பெண் பிழைத்து வந்து புத்தகத்தை முடிப்பாளே. அவள் முடிப்பாள் என்று நம்புகிறவள் அவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் சித்ரலேகா.

"விளையாடாதீங்க லாத்தா. நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"நான் பாதிதான் படிச்சிருக்கேன். மீதியப் படிக்கல. முழுசாப் படிச்சாச்சுன்னு இங்க முதலாளிட்ட காலையில பொய் சொன்னேன். அவரு பக்கத்துலதான் இருக்காரு, கேட்டுட்டுதான் இருக்காரு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரைச்சல் மட்டும் கேட்டது. ஏதோ தள்ளுவண்டிச் சக்கரம். பிறகு, நம்ப முடியாமல் ஒரு கேள்வி:

"எந்தப் பக்கம் வரைக்கும்?"

"நூத்தி எழுபத்தி நாலு."

"அந்த பஸ் டிக்கெட்டு!" ஆபிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கன ஒரு மகளிர் இலவச டிக்கெட் இருந்துச்சு. அது உங்களுதா? யாரோ பிடிக்காம பாதியில விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நான் முந்நூத்தி ரெண்டுல இருக்கேன் லாத்தா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தப் படகுக்காரன் இருக்கான்லா—"

"சொல்லாதீங்க!" என்று கத்தினாள் சித்ரலேகா. கடைக்குள் குரல் உயர்த்தக் கூடாது என்பது மறந்து போனது. "அந்தக் கதையில இந்தக் கடையில இருந்ததே அந்த ஒரு பிரதிதான். நீங்க முடிச்சாத்தான் நான் முடிக்க முடியும். முடிச்சுட்டுக் கொண்டு வந்து குடுங்க. கேட்டியளா? நீங்க வந்து குடுக்கணும். வாப்பாட்ட குடுத்து விடக் கூடாது."

"பிள்ளையத் தூக்கிட்டா?"

"பிள்ளையத் தூக்கிட்டுதான்."

யாரோ ஆபிதாவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "வாரேன் லாத்தா" என்றது குரல். போன் நின்றது. திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள்; அணைத்து வைத்திருந்தார்கள்.

சித்ரலேகா போனை மேசையில் வைத்தாள். ஐயம்பெருமாள் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார்.

"எல்லாம் படிச்சாச்சுன்னு சொன்னீங்களே மேடம்" என்றான் பேச்சிராஜ்.

"சொன்னேன்."

"நூத்தி எழுபத்தி நாலு பக்கமும் இங்கன நின்னுட்டே படிச்சிருக்கிய. ஓசியில."

"ஆமா. நாலு சனிக்கிழமை."

அவன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வரியில் இரண்டுதான் ஏற்றியிருந்தான். அவற்றை அழித்தான். அழித்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. விற்றதா, இரவலா, காணாமல் போனதா? அவன் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

"யோசிக்கணும் மேடம். காலையில எட்டு மணிக்குச் சொல்லுதேன்" என்றான்.

"யோசிங்க தம்பி, நல்லா யோசிங்க" என்றார் ஐயம்பெருமாள். "அவளுக்கு இடம் இல்லாம இல்ல. நம்ம கடை ஒம்பது மணிக்குத் திறக்கும்." மகளைப் பார்த்தார். "என்னட்டி, வாரியா?"

இருபது வருடம் காத்திருந்த கேள்வி. ஒரு தலையாட்டல் போதும்.

"எட்டு மணிக்கு இவரு என்ன சொல்லுதாருன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்ப்பா" என்றாள் சித்ரலேகா.

ஐயம்பெருமாள் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் பேரம் பேசியவர். கையில் நல்ல சரக்கு இருக்கிற ஆள்தான் இப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியும். வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். டவுணுக்கு என்று சொல்லப் போனவரை முந்திக்கொண்டு சித்ரலேகா உள்ளே ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் டிரைவரிடம்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

அவள் கேட்கவில்லை. இதையும் கேட்கவில்லை.

"பாளையங்கோட்டையில எத்தனை இருந்தா என்ன?" என்றார் ஐயம்பெருமாள், அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபடி. "மொத ஆஸ்பத்திரிக்கு விடுப்பா. வாசல்ல போய்ச் செருப்பப் பாப்போம்."